பதினோரு மணிக் கோபம்

உலகத்தில் சோர்வு என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டு டப்பா விற்பவர்கள் வியாபாரத்துக்காகக் கிளப்பிவிட்ட புரளி அது. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கண்ணாடிப் பட்டறையின் வெட்டு மேசைக்கு முன்னால் நின்று இந்த உண்மையை மனிதகுலத்துக்கு அறிவித்தவர் இன்ஜின். மனிதகுலத்தின் சார்பில் அங்கே அப்போது இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் வேன் டிரைவர். இன்னொருவன் இன்ஜினின் மனைவியுடைய தம்பி. அறிவிப்புக்குக் காரணமே அவன்தான். எவர்சில்வர் டப்பாவைத் திறந்துவைத்து, அவித்த முட்டையை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தான். பட்டறையில் அவனுக்கு டப்பா என்றே பெயர்.

"மனுஷ உடம்பு ஒரு இன்ஜின்டா," என்றார் இன்ஜின். பத்தொன்பது வருஷமாக இதையே சொல்லி வந்ததால்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. "சர்க்கரைதான் பெட்ரோல். நாலு ஸ்பூன் போட்டு ஒரு டீ, கூட ஒரு கிரீம் பன். வண்டி ஸ்டார்ட் ஆயிடும். மத்தியானம் வரைக்கும் நிக்காது. நீ என்னடான்னா மணிக்கொரு தரம் கோழி மாதிரி கொத்திக்கிட்டு நிக்கிறே."

"கோழி போட்டதைத்தானே மாமா திங்கறேன்," என்றான் டப்பா.

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். தான் சொல்லாத நகைச்சுவைக்கு யாராவது சிரித்தால் இன்ஜினுக்குப் பிடிக்காது. "முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம்! இதெல்லாம் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனுக்குக் குடுக்கிறதுடா. ஆம்பளை எவனாவது இடுப்புல கடலையைக் கட்டிக்கிட்டு வேலைக்கு வருவானா?"

டப்பாவின் வாயில் மஞ்சள் கரு இருந்தது. அந்த மௌனத்தை இன்ஜின் தன் வெற்றியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு அன்றைய மூன்றாவது டீயைக் குடித்தார்.

அவருடைய காலைப்பொழுதை நேரப்படி சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும். ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் முதல் டீ. எட்டரைக்குப் பன்னும் இரண்டாவது டீயும். பத்து மணிக்குப் பாட்டு. அந்த நேரத்தில் அவர் இரண்டு பேர் தூக்க வேண்டிய கண்ணாடியைத் தனியாகத் தூக்கப் பார்ப்பார், எதிரில் வருகிறவர் முதுகில் எல்லாம் தட்டுவார். பத்தேமுக்காலுக்குப் பாட்டு நிற்கும். பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அவருக்கு உலகத்தில் ஒருவரையும் பிடிக்காது. மேசை இடிக்கும், ஃபோன் அலறும், அளவு எடுத்தவன் முட்டாளாக இருப்பான், வெயில் வேண்டுமென்றே அடிக்கும். பன்னிரண்டரைக்கு மலைபோல் ஒரு தட்டுச் சோறு. அதன் பிறகு இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே தூங்குவார். இதெல்லாம் தன்னுடைய குணம் என்று அவர் நினைத்திருந்தார். கண்டிப்பான ஆள் என்ற பெயரும் இதனால்தான் கிடைத்தது.

பெரிய கண்ணாடியைப் படுக்க வைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே ஒடியும். அதனால் நிமிர்த்தி நிறுத்தி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுப் பிடிகளைப் பதித்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கி நடக்க வேண்டும். முன்னால் போகிறவர் வழி சொல்வார்: "படி", "வாசல்", "இடது". பின்னால் வருகிறவர் எதையும் பார்க்காமல் அந்தக் குரலை நம்பி வருவார். இதில் ஒரு சொல் மட்டும் இருவருக்கும் பொது. "வை." இரண்டு பேரில் யார் அதைச் சொன்னாலும், இருக்கிற இடத்தில் உடனே இறக்கிவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. இறக்கிய பிறகு சொன்னவர் காரணத்தைச் சொல்வார், மற்றவர் "சரி" என்பார். திட்டுவதற்கு அனுமதி இல்லை. பட்டறையில் இன்னும் எல்லாருடைய விரலும் பத்தாக இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

இன்ஜின் பத்தொன்பது வருஷத்தில் ஒரு முறைகூட "வை" சொன்னதில்லை. முன்னால் நிற்கும் இடம் அவருடையது. அதைக் கல்யாணப் பத்திரிகையில் போடாததுதான் பாக்கி.

டப்பா சொல்வான். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை. இப்போது இரண்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவை, "வை மாமா, கை வழுக்குது." இன்ஜின் பல்லைக் கடித்துக்கொண்டு "சரி" என்பார். அந்தச் சரியைக் கேட்டால் எதிர்வீட்டு நாய்கூட எழுந்து தள்ளிப் போய்ப் படுக்கும்.

புதன்கிழமை அந்தப் பல்லும் பொறுமையும் ஒன்றாகத் தேய்ந்து தீர்ந்தன. ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியில் நூலகத் தடுப்புக்குக் கண்ணாடி ஏற்ற வேண்டியிருந்தது. மணி பதினொன்று பத்து. முதல் திருப்பத்தில் டப்பா, "வை" என்றான். வைத்தார்கள். பத்துப் படி ஏறியதும் மறுபடி, "வை." இன்ஜினின் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசித் திருப்பத்தில், மேலே ஐந்தே படி மிச்சமிருக்கும்போது, மூன்றாவது முறை, "வை மாமா. உடனே வை."

வைத்தார். வைத்துவிட்டு, பட்டறை உண்டான நாளிலிருந்து யாரும் மீறாத சட்டத்தை மீறினார்.

"உன் கை என்ன கையாடா, இல்ல வாடகைக்கு வாங்கிட்டு வந்தியா? ரெண்டு மாடி ஏற மூணு இடத்துல டேரா போடுறே! முட்டையை முழுங்கினா பலம் வரும்னியே, எங்கடா அந்தப் பலம்? டப்பாவுலயே விட்டுட்டு வந்துட்டியா?"

வகுப்பறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "இங்க பரிட்சை நடக்குது," என்றார்.

"இங்கயும் பரிட்சைதான் மேடம்! பத்து வருஷமா இவன் ஃபெயிலு!" என்றார் இன்ஜின்.

டப்பாவின் முகம் சிவந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தான். இன்ஜினின் கைகளைப் பார்த்தான். பிறகு, "வழுக்கிடுச்சு மாமா," என்று மட்டும் சொன்னான்.

கண்ணாடியை மாட்டிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல், இன்ஜின் நேராகப் பட்டறைக்கு வந்து முதலாளியம்மா முன்னால் நின்றார். அவர் வெட்டு மேசையில் அளவுகோலை வைத்து, ஒரு கண்ணாடியின் மேல் வெட்டும் உருளையைக் கர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தார். கோடு முடியும்வரை நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

"இனிமே ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இவன் இருக்கணும். என் பொண்டாட்டி தம்பிங்கிறதுக்காகப் பார்த்துட்டு இருந்தேன். பயமா இருக்கு மேடம். என்னைக்காவது ஒரு நாள் ரெண்டு பேர் காலையும் வாங்கிடுவான்."

முதலாளியம்மா கோட்டின் இருபுறமும் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது. அப்புறம்தான் டப்பாவைப் பார்த்தார். "உன் கைதானா?"

டப்பா இன்ஜினைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ஆமா மேடம்."

"சரி. நாளைக்குச் செருப்புக்கடை முகப்புக் கண்ணாடி. டிரைவர் பின்னாடி பிடிக்கட்டும். நீ இங்கயே இருந்து விளிம்பு தேய்." பிறகு எதற்கோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது.

வெற்றி பெற்ற இன்ஜின் அன்று மாலை விசிலடித்தபடி வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஒரு துணிக்கடைக்கு அளவு திருத்தித் தைப்பவள். தையல் மெஷினில் உட்கார்ந்து, வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு கால்சட்டையைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் இன்ஜின் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இது: வாயிலிருந்து குண்டூசி வெளியே வந்தால் வேறு ஏதோ வெளியே வரப்போகிறது.

"என் தம்பியை விளிம்பு தேய்க்க உக்கார வச்சிட்டீங்களாமே?"

"கை நடுங்குதுடி அவனுக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"யாருக்கு நடுங்குது?"

"அவனே ஒத்துக்கிட்டான்."

"ஒத்துக்குவான். உங்க மானம் சந்தி சிரிக்கக் கூடாதுன்னு ரெண்டு மாசமா ஒத்துக்கிட்டுத்தான் இருக்கான். நீங்க ஒரு முனையில ஆடினா இன்னொரு முனையில பிடிச்சிருக்கிறவன் கைக்குத் தெரியாதா? அவ்வளவு பெரிய கண்ணாடி! தந்திக் கம்பியில சேதி வர்ற மாதிரி அந்த ஆட்டம் வந்து சேருதாம். 'அக்கா, பதினோரு மணியானா மாமா கை ஆட ஆரம்பிச்சிடுது, நான் வைன்னு சொல்லி நிறுத்திடறேன், நீ வருத்தப்படாதே'ன்னான். உங்களுக்குப் பதிலா அவன் பேர் கெட்டுப்போச்சு!"

"பொய்!"

"அப்போ இது பொய்யா? பதினோரு மணிக்கு மேல நான் ஏன் உங்களுக்கு ஃபோனே பண்றதில்ல? பையனுக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் பண்ணினேன். 'காய்ச்சல்னா டாக்டர்கிட்ட சொல்லு, என் உயிரை ஏன்டி வாங்குறே'ன்னு கத்தினீங்க. பன்னெண்டே முக்காலுக்குச் சாப்பிட்டுட்டு நீங்களே கூப்பிட்டு, 'கண்ணுக்குட்டி எப்படிம்மா இருக்கான்'னு உருகினீங்க. நான் கட்டிக்கிட்டது ஒரு ஆளையா, ரெண்டு ஆளையா? அந்த நடு நேரத்து ஆளை எனக்குப் பிடிக்கல. தினமும் கடலை கட்டிக் குடுத்தேன். எங்க போச்சு?"

கடலை போன இடம் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் புறாக்களுக்குத் தெரியும். இன்ஜின் அந்தச் சாட்சியை அழைக்க விரும்பவில்லை. "அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை நோயாளி ஆக்கப் பார்க்கறீங்க. எனக்குச் சோறு வேண்டாம்!" என்றார்.

"வேண்டாம்னா போங்க," என்றாள். குண்டூசிகள் மறுபடி வாய்க்குள் போயின.

இதற்கு முன் பட்டினி கிடந்தபோதெல்லாம் யாராவது வந்து கெஞ்சியிருக்கிறார்கள். இந்த முறை யாரும் வரவில்லை. காலையில் மேசைமேல் இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும் பொட்டலமாக இருந்தன. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போனார். டீக்கடையில், "இன்னைக்கு அஞ்சு ஸ்பூன் போடு," என்றார்.

செருப்புக்கடை இருந்த சந்துக்குள் வேன் நுழையாது. முனையிலேயே நிறுத்தி, ஆறடிக்கு நாலடிக் கண்ணாடியை நாற்பது ஐம்பது தப்படி தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பிறகு மூன்று கல் படிகள். சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி அது. நடுவில் சுத்தியலால் அடித்தால்கூடத் தாங்கும். ஆனால் மூலை ஒரு கல்லில் தட்டினால் போதும், மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டாகிக் கொட்டிவிடும். சாலையில் நெரிசல். அவர்கள் கண்ணாடியை இறக்கும்போது மணி பத்து ஐம்பத்தைந்து.

"எடு," என்றார் இன்ஜின். எடுத்தார்கள்.

இருபதாவது தப்படியில் டிரைவர் விசிலடிக்கத் தொடங்கினார். இன்ஜினுக்கு அந்த விசிலின் குரல்வளையை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. முப்பதாவது தப்படியில் காதுக்குள் ஒரு வண்டு ரீங்கரித்தது. வெயிலில் நடந்தும் முதுகில் வியர்வை சில்லென்று இறங்கியது. ஒருவன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். அவனையும் அவன் பரம்பரையையும் மனதுக்குள் சபித்தார். கடைக்குள் அடுக்கியிருந்த செருப்புகள் எல்லாம் ஜோடி ஜோடியாக அவரையே வேடிக்கை பார்த்தன.

"அண்ணே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னண்ணே, பூமி கீமி அதிருதா?"

"வாயை மூடிட்டு வா. படி!"

முதல் படி ஏறியாயிற்று. இரண்டாவது படியில் வலது முழங்கால் ஒரு கணம் அவருடையதாக இல்லை. குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். பிடியைச் சுற்றியிருந்த நான்கு விரல்களும் குளிரில் நனைந்த நாய்க்குட்டிபோல் நடுங்கின. டப்பா பின்னால் இல்லை. வழுக்குகிறது என்று பொய் சொல்ல இன்று ஆளில்லை. இந்தக் கையும் டப்பாவுடையதல்ல.

ஒரு சொல்தான். வாய்க்குள் அது இருந்தது. பத்தொன்பது வருஷமாகப் பயன்படுத்தாததால் துருப்பிடித்துக் கிடந்தது.

"வை," என்றார். அவருக்கே கேட்கவில்லை.

"என்னண்ணே?"

"வை."

"வைக்கவா? எதுக்குண்ணே? இன்னும் ஒரு படிதானே, தம் கட்டுங்க..."

"வைடா, நாசமாப் போறவனே! வை!"

சந்து முழுக்கத் திரும்பியது. கடையில் நின்றிருந்த பெண் என்ன தோன்றியதோ, வாசல் மிதியடியை இழுத்துப் படியில் போட்டாள். கண்ணாடி அதன் மேல் இறங்கியது. உடையவில்லை. டிரைவர் அதைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இன்ஜின் சுவரில் சாய்ந்து அப்படியே வழிந்து உட்கார்ந்தார். காரணம் சொல்ல வேண்டிய முறை அவருடையது. சொல்லவில்லை. டிரைவர் அவர் கைகளைப் பார்த்துவிட்டு, தானாகவே "சரி" என்றார். அந்தச் சரியைத்தான் இன்ஜினால் தாங்க முடியவில்லை.

மறுபடி எழுந்து பார்த்தார். முடியவில்லை. டிரைவர் ஃபோன் செய்தார். கால் மணி நேரத்தில் முதலாளியம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னால் டப்பா.

டப்பா கண்ணாடியைப் பார்க்கவில்லை. நேராக மாமாவிடம் வந்தான். குனிந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, எல்லாருக்கும் தெரியும்படி காட்டினான்.

"இது யார் கை மாமா? சொல்லுங்க. என் கையா?"

"விடுடா."

"பதினெட்டு தடவை வைன்னு சொல்லியிருக்கேன். பதினெட்டுல ஒண்ணுகூட என் கை ஆடினதுக்காக இல்ல. நேத்து அந்தக் கடைசித் திருப்பத்துல நான் சொல்லலைன்னா கண்ணாடி கீழ என் மேலதான் வந்திருக்கும். உங்க மேல இல்ல! பின்னாடி நிக்கிறவன் நான்! உயிரைக் காப்பாத்திக்கத்தான் சொன்னேன். சொன்னதுக்குப் பரிட்சையில ஃபெயிலாக்கிட்டு வந்தீங்க. என் பொண்டாட்டி, 'உங்களுக்குக் கை வாதமா, டாக்டர்கிட்ட காட்டலாமா'ன்னு அழறா!"

"முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

"சொன்னா கேக்கற மூஞ்சியா இது? ஒரு முட்டை உரிச்சதுக்கே கோழின்னீங்க."

அவன் கையை விட்டுவிட்டுப் போய் முன்பக்கப் பிடியைப் பற்றினான். "எடு," என்றான். டிரைவர் எடுத்தார். ஒரு படி, வாசல், இடது. இன்ஜின் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். தன் இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பின்னாலிருந்து பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

முதலாளியம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"வேற?"

"...டீ."

"நான் வேலைக்கு வச்சது ஒரு ஆளை. டீக்கடையை இல்ல. சனிக்கிழமை நடனப் பள்ளியில எட்டுக் கண்ணாடி மாட்டணும், ஆளுயரம். பத்தே முக்காலுக்குப் பட்டறையில உங்க ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுவேன். மேல ஒரு காகிதத்தை வைப்பேன். காகிதம் ஆடாம இருந்தா நீங்க முன்னாடி. ஆடிச்சுன்னா இனிமே முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. விளிம்பு தேய்க்கிற கல்லு இருக்கு. அதுவும் நீங்களும் சேர்ந்து எவ்வளவு வேணா ஆடலாம்."

வெள்ளிக்கிழமை முழுவதும் இன்ஜின் விளிம்பு தேய்த்தார். கல்லிடம் கோபம், தண்ணீரிடம் கோபம், டப்பாவிடம் பேசவில்லை. காகிதம் வைத்துப் பார்ப்பதாம்! தான் என்ன பேப்பர் வெயிட்டா? பத்தொன்பது வருஷ அனுபவத்தை ஒரு காகிதம் எடை போடுமா? பதினோரு மணிக்கு யாரும் பார்க்காதபோது, மேசையிலிருந்த பில் ஒன்றை எடுத்துப் புறங்கை மேல் வைத்துப் பார்த்தார். அது காற்றில்லாமலேயே படபடத்தது. கசக்கி எறிந்தார்.

சனிக்கிழமை காலை மேசைமேல் பொட்டலம் இல்லை. மனைவி கட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். கேட்பதற்குப் பதில் அவர் நாக்கை அறுத்துப் போட்டுவிடுவார். ஆறு மணிக்குச் சமையலறைக்குள் பூனைபோல் நுழைந்து, இரண்டு முட்டையைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பை ஏற்றினார். முட்டைகள் கொதிக்கும்போது இவ்வளவு சத்தம் போடும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பாத்திரத்தை முறைத்துப் பார்த்தார். அடங்கவில்லை.

"அடுப்புல என்னங்க?" உள் அறையிலிருந்து கேள்வி வந்தது.

"வெந்நீர்!"

"கடகடன்னு உருளுதே?"

"கொதிச்சா உருளத்தான் செய்யும்! எல்லாத்துக்கும் கேள்வி!"

உள்ளே தையல் மெஷின் வழக்கத்தைவிடச் சந்தோஷமாக ஓடியதுபோல் அவருக்குத் தோன்றியது. அதுவும் கோபத்தைக் கிளப்பியது.

டீக்கடையை அவர் நடையை எட்டிப் போட்டுத் தாண்டினார். கடைக்காரர், "அஞ்சு ஸ்பூனா அண்ணே?" என்று கூவியதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதரை மணிக்குப் பட்டறையில் எல்லாரும் நடனப் பள்ளிக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேனில் பிடிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று அறிவித்துவிட்டு இன்ஜின் வெளியே போனார். வேனுக்குள் ஏறினார். கதவைச் சாத்தினார். ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றினார். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முட்டையை உரித்தார். ஓட்டோடு பாதி வெள்ளையும் சேர்ந்து பிய்ந்து வந்தது. உரிக்கத் தெரியவில்லை என்ற கோபத்தில் மிச்சத்தை அப்படியே வாயில் போட்டார். மஞ்சள் கரு தொண்டையில் அடைத்தது. தண்ணீரைக் குடித்து அதைக் கீழே அனுப்பினார்.

இரண்டாவது முட்டைக்கு ஒரு சிட்டிகை உப்பு இருந்தால் தேவலை என்று இருந்தது. டப்பாவிடம் இருக்கும். கேட்க மனமில்லை. மெதுவாக, ஓட்டை நகத்தால் சுற்றிலும் கீறிக்கொண்டே, அதையும் உரிக்கத் தொடங்கினார்.